பொடி எழுத்துல என்ன இருக்கு?

வீட்ல ஹேர் டை பாக்கெட் இருந்தா எடுத்துப் பின்பக்கம் திருப்புங்க. மாடலோட பளபள முடி எல்லாம் முன்பக்கம். பின்னாடி, அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி இருக்கும். படிச்சிருக்கீங்களா? சும்மா தலையாட்டாதீங்க பாஸ், நானும் படிச்சதில்லை. ஒரு சிவகாசி ஃப்ரெண்டோட மூஞ்சி வீங்குற வரைக்கும்!

அவங்க அப்பாவுக்கு ஆஃப்செட் பிரஸ். சிவகாசின்னா பட்டாசு, தீப்பெட்டி மட்டும்தான்னு நினைக்காதீங்க. காலண்டர், நோட்டு, லேபிள், அட்டைப்பெட்டின்னு பாதி ஊர் மை வாசனையிலதான் எழுந்திருக்கும். லீவுல பிரஸ்ஸுக்குப் போனா இவன் வேலை புரூஃப் பார்க்கிறது. டை பாக்கெட்டோட எச்சரிக்கை வரிகள்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்தவனே இவன்தான். பிழையைப் பார்த்தான், விஷயத்தைப் பார்க்கலை.

ஃபைனல் இயர். திங்கக்கிழமை கேம்பஸ் இன்டர்வியூ. தலைவருக்கு இளநரை. சனிக்கிழமை ராத்திரி டை போட்டாச்சு. ஞாயிறு சாயங்காலம் காதோரம் அரிப்பு. திங்கள் காலையில கண்ணைத் திறக்கவே முடியலை. இன்டர்வியூ போச்சு.

"வாழ்க்கையிலேயே முதல் தடவை டை போட்டேன், அதுக்குள்ள எப்படி டாக்டர் அலர்ஜி?" என்று கேட்டிருக்கிறான். டாக்டர் திருப்பிக் கேட்ட கேள்விதான் மேட்டர். "சின்ன வயசுல கருப்பு மெஹந்தி போட்டிருக்கியா?"

போட்டிருக்கிறான். எட்டாம் வகுப்புல, ஒரு திருவிழாக் கடையில, கையில டிராகன். ஒரு வாரம் கழிச்சு லேசா தடிச்சு அரிச்சது. தேங்காய் எண்ணெய் தடவினாங்க, போயிடுச்சு. அவனும் மறந்துட்டான். அவன் தோல் மறக்கலை.

ரெண்டுலயும் இருந்த ஆள் பிபிடி, அதாவது பாரா ஃபினிலின் டயமின். ரொம்பக் குட்டி மூலக்கூறு. தோலுக்குள்ள சுலபமா நுழைஞ்சு நம்ம புரதத்தோட ஒட்டிக்கும். உடம்போட பாதுகாப்புப் படை, 'யாருடா இது புது ஆளு?'ன்னு போட்டோ எடுத்து ஃபைல் போட்டு வச்சுக்கும். அப்ப பெருசா எதுவும் நடக்காது. வருஷம் கழிச்சு அதே ஆள் வந்தா, ஸ்டேஷனே திரண்டு வந்து அடிக்கும். அந்த அடிதான் வீக்கம், கொப்புளம் எல்லாம். 'பத்து தடவை போட்டேன், ஒண்ணும் ஆகலை'ங்கிற வாதம் பதினொண்ணாவது தடவைக்குச் செல்லாததும் இதனாலதான். (நிஜ மருதாணி ஆரஞ்சு, சிவப்புலதான் பிடிக்கும், நேரமும் எடுக்கும். அரை மணியில கறுகறுன்னு ஆகிற கோனைப் பார்த்தா கையை இழுத்துக்கோங்க.)

அப்போ லேப்ல டெஸ்ட் பண்ணித்தானே விக்கிறாங்க?

பண்றாங்க. ஒரு காலத்துல முயல் கண்ணுலயும் கினிப் பன்றி முதுகுலயும் தடவிப் பார்த்தாங்க. இந்தியாவுல காஸ்மெடிக்ஸுக்கு அந்த வேலை 2014-ல தடை. இப்ப கண்ணாடிக் குப்பியிலயே கண்டுபிடிக்க வழி இருக்கு. நம்ம புரதத்துல இருக்கிற சிஸ்டீன், லைசின் அமினோ அமிலங்களை வச்சுக் குட்டி பெப்டைடு செய்வாங்க. சந்தேகப்படுற கெமிக்கலை அதோட கலந்து 24 மணி நேரம் வைப்பாங்க. எவ்வளவு பெப்டைடு காணாமப் போச்சுன்னு அளப்பாங்க. நிறைய காணோம்னா, அந்த கெமிக்கல் புரதத்தோட ஒட்டுற ரகம். அலர்ஜி கொடுக்க வாய்ப்பு அதிகம். 2015-ல ஓஈசிடி அமைப்பு இதை அங்கீகரிச்சது. இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. தோல் செல், ரத்த வெள்ளணு வகை செல்னு இன்னும் ரெண்டு மூணு சோதனை சேர்த்துப் பார்ப்பாங்க.

பிபிடி விஷயத்துல லேப் எப்பவோ தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா அதைப் போல கறுப்பு பிடிக்கிற சரக்கு கிடைக்கிறது கஷ்டம். அதனால ஒழிக்கலை, அளவு கட்டி எச்சரிக்கை போட்டுட்டாங்க. நம்ம நாட்டு விதிப்படி அந்த எச்சரிக்கையும், சோதிச்சுப் பார்க்கிற முறையும் இங்கிலீஷ்லயும் உள்ளூர் மொழியிலயும் இருக்கணும். இமைக்கும் புருவத்துக்கும் போடாதேன்னு ஒரு வரி வரும் பாருங்க, அதுக்குப் பின்னாடி சோகக் கதையே இருக்கு. 1933 வாக்கில அமெரிக்காவுல 'லாஷ் லூர்'னு ஒரு இமைச் சாயம். ஒரு பெண்ணுக்குப் பார்வையே போச்சு, இன்னொருத்தர் உயிரே போச்சு. 1938-ல அங்கே காஸ்மெடிக்ஸுக்குச் சட்டம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊர் ஸ்டிக்கர் பொட்டும் லேபுக்குப் போயிருக்கு. பொட்டு வச்ச இடம் வெள்ளை வெள்ளையா வெளுத்தது ஏன்னு தேடின அலகாபாத் டாக்டர்கள், பசையில இருந்த பிடிபிபி என்கிற கெமிக்கலைப் பிடிச்சு 1990-ல எழுதினாங்க. எல்லாரும் நெற்றியைச் சந்தேகப்பட்டப்போ, அவங்க பசையைச் சந்தேகப்பட்டாங்க!

ஆனா லேபுக்கும் ஒரு எல்லை உண்டு. வெடிச் சத்தத்துக்கு விதி என்ன? வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர்ல 125 டெசிபல் தாண்டக் கூடாது. மீட்டர் வச்சா முடிஞ்சது. யார் பக்கத்துல நின்னாலும் அதே நம்பர். அலர்ஜிக்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாது. 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்'னு போட்டிருந்தா, வேற யாரோ தோல்ல சோதிச்சிருக்காங்கன்னுதான் அர்த்தம். 'ஹைப்போ அலர்ஜெனிக்'ங்கிற வார்த்தைக்கு அமெரிக்காவுலகூட சட்டப்படி வரையறை இல்லை.

உங்க தோலைக் கேக்கணும்னா பேட்ச் டெஸ்ட்தான். தோல் டாக்டர் முதுகுல வரிசையா குட்டிக் குட்டி மருந்துப் பொட்டு ஒட்டுவார். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. (சித்திரை மாசம் சிவகாசியிலயா? நடக்கிற காரியமா! நம்ம ஆள் மார்கழி வரை காத்திருந்தான்.) எடுத்ததும் ஒரு தடவை, ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்பாங்க. அந்த வரிசையில பிபிடி, நிக்கல், வாசனைக் கலவை எல்லாம் உண்டு. பொட்டாசியம் டைகுரோமேட்டும் உண்டு. அட, தீக்குச்சி மருந்துல சேர்க்கிற அதே சரக்கு! அவன் சித்தி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. கை வெடிப்பை 'சோப்பு சேரலை'ன்னே சொல்லிட்டிருந்தாங்க. இப்ப அவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கிறான்.

முதல் தடவை டை போடப் போறவங்க பொடி எழுத்துல இருக்கிறபடி செய்யுங்க. காதுக்குப் பின்னாடியோ முழங்கை உள்பக்கமோ கொஞ்சம் தொட்டு வச்சு, காஞ்சதும் விட்டுடுங்க. 24 மணி நேரம்னு போட்டிருக்கும். அலர்ஜி ரெண்டு நாள் கழிச்சும் எட்டிப் பார்க்கும், அதனால நான் 48 சொல்வேன். ஒவ்வொரு தடவையும் செய்யணும். கருப்பு மெஹந்தியில ஏற்கெனவே அரிச்சவங்க இந்த டெஸ்ட்டும் வேண்டாம், நேரா டாக்டர்.

நம்ம ஆளுக்கு அடுத்த கம்பெனியில வேலை கிடைச்சது, நரையோடயே. போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு அவங்க அம்மா டை எடுத்திருக்காங்க. வாங்கி, முழங்கையில ஒரு சொட்டு வச்சு, ரெண்டு நாள் பொறுங்கம்மான்னு உக்கார வச்சுட்டான்.

"அதுக்குள்ள தாலியே கட்டிருவாங்கடா"ன்னு அம்மா கத்தினது பிரஸ் வரைக்கும் கேட்டுச்சாம்.