டுப்ரோவ்னிக்கின் கப்பல் வரம்பு சட்டமாக வேண்டும்

மத்தியதரைக் கடலின் கிளையாகிய அட்ரியாடிக் கடலோரத்தில், மதிலுக்குள் அடங்கிய பழைய நகரத்தைக் கொண்ட குரோஷியாவின் டுப்ரோவ்னிக், உல்லாசப் பயணக் கப்பல்கள் ஒரே வேளையில் இரண்டுக்கு மேல் வரக் கூடாது என்றும், அவற்றின் பயணிகள் 4,000 பேரைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு வரம்பை வகுத்துக்கொண்டுள்ளது. இந்த வரம்பு சரியானது. ஆனால், கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கத்தோடு நகராட்சி 2019இல் செய்துகொண்ட புரிந்துணர்வு உடன்பாடே இதன் அடித்தளம் என்பதால், எதிர்த்தரப்பின் இசைவு இருக்கும் வரைதான் இது நிலைக்கும். குரோஷிய நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்க வேண்டும்.

இங்கே கப்பல் வந்து நிற்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்த்தால், வரம்பு ஏன் ஒரு வேளையைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டது என்பது விளங்கும். பெருங்கப்பல்கள் மதிலுக்கு வெளியே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள க்ரூஷ் துறைமுகத்தில் கட்டப்படுகின்றன. சில கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கின்றன. காலை உணவு முடிந்ததும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்குகிறவர்கள் பேருந்துகளில் ஏறி, மேற்கு வாயிலாகிய பீலே வாயிலின் முன் சேர்கிறார்கள். அந்த வாயிலைக் கடந்தால் இருப்பது, ஸ்த்ராதூன் எனப்படும், சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு நடுத்தெரு. பழைய நகரைச் சுற்றிய மதிலின் மொத்த நீளமே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்று மத்தியதரைக் கடலில் ஓடும் பெருங்கப்பல்களில் சில, ஒன்றே 6,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற வல்லவை. எனவே, ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கை எவ்வளவு மிதமாகத் தெரிந்தாலும், ஒரு முற்பகலின் இரண்டு மணி நேரம் நகரத்தின் மூச்சை அடைத்துவிடும். 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மதில் மீது நடக்க நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். பழைய நகருக்குள் ஒரே வேளையில் 8,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று யுனெஸ்கோ பரிந்துரைத்ததும் அக்காலத்தில்தான்.

வரம்பு விதிப்பது விருந்தோம்பலுக்கு முரணானது என்றும், கடலால் பிழைத்த ஊர் கடல்வழி வருகிறவர்களைத் தடுக்கலாமா என்றும் கேட்கப்படுகிறது. இதற்கு அந்நகரின் வரலாறே தெளிவான விடை தருகிறது. ரகூசா என்ற பெயரில் 1358 முதல் 1808 வரை தன்னாட்சிக் குடியரசாக விளங்கிய அந்த நகரம், வெனிஸுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் இடையில் தன் கப்பல்களை நம்பியே வாழ்ந்தது. வணிகம் நின்றால் நகரமும் நின்றுவிடும் என்ற நிலை. கொள்ளைநோய் பரவிய 14ஆம் நூற்றாண்டில் சில இத்தாலிய நகரங்கள் நோயுற்ற ஊர்களிலிருந்து வந்தவர்களை அடியோடு விலக்கியபோது, ரகூசாவின் பெருமன்றம் 1377 ஜூலையில் வேறொரு வழியைக் கண்டது: நோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர் மர்கான் என்னும் சிறுதீவிலோ, அருகிலுள்ள த்ஸாவ்தாத் ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பின்பே நகருக்குள் நுழையலாம் என்று ஆணை பிறந்தது. நோய் பரவாமல் தடுக்கப் பயணிகளைத் தனிமைப்படுத்தும் முறையை ஓர் அரசு சட்டத்தின் வழி நிலைநிறுத்தியதற்கு ஐரோப்பாவில் இதுவே மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது. பின்னர், 17ஆம் நூற்றாண்டில், கிழக்கு வாயிலுக்கு வெளியே லாசரெத்தி எனப்படும் தனிமைக் கட்டடங்களும் எழுந்தன. அவை இன்றும் நிற்கின்றன. இவற்றின் நோக்கம் கப்பல்களை விரட்டுவதன்று. கப்பல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கவும், மதிலுக்குள் இருப்போர் உயிரோடு இருக்கவும் இரண்டுக்கும் ஒருசேர இடம்கொடுப்பதே. இன்றைய வரம்பு அந்த ஆணையின் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை.

இவ்வரம்பை இன்றியமையாததாக்கும் பெரிய காரணம், நகரின் கல்லைவிட அதற்குள் வாழும் மக்களே. 1667 நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி சிதைந்தது; 1991 டிசம்பர் 6 அன்று நடந்த குண்டுவீச்சு, பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் தண்டனைக்கு உரியதாயிற்று; யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற அந்நகரை 1991இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலில் சேர்த்து, கூரைகளும் சுவர்களும் செப்பனிடப்பட்ட பின் 1998இல் நீக்கியது. கூரை ஓடுகளை மீண்டும் வேயலாம். ஆட்கள் போன வீட்டை அவ்வாறு நிரப்ப முடியாது. 1991இல் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், கடந்த பத்தாண்டின் கணக்குப்படி ஏறத்தாழ 1,500 பேரே எஞ்சினர். மளிகைக் கடை நினைவுப்பொருள் கடையாகிறது. குடியிருப்பு சுற்றுலா விடுதியாகிறது. பள்ளிக்குப் போகும் குழந்தை, குறுகிய படிக்கட்டில் நிற்கும் வழிகாட்டியின் குடையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. யுனெஸ்கோ பாதுகாக்க முனைவது கல்லைத்தான் என்றாலும், அந்தக் கல்லுக்குப் பொருள் தருகிற அன்றாட வாழ்க்கை போய்விட்டால் மிஞ்சுவது ஒரு திரைப்பட அரங்கமே என்று அஞ்சுவதற்கு இடமிருக்கிறது.

வருவாய் குறையும் என்பது எதிர்ப்போரின் வலிமையான வாதம். வழிகாட்டிகள், பேருந்து ஓட்டுநர்கள், தெருவோர வணிகர்கள் ஆகியோரின் பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால் இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆயினும் கப்பல் பயணியின் தங்கலும் மூன்று வேளை உணவும் கப்பலிலேயே முன்கூட்டிக் கட்டணம் கட்டப்பட்டவை. சுற்றுலாவும் பெரும்பாலும் கப்பலிலேயே விற்கப்பட்டு, கட்டணத்தில் ஒரு பகுதி நிறுவனத்திடம் தங்கிவிடுகிறது. இதனால்தான் வரம்பின் ஒரு பகுதியாக, ஒவ்வொரு கப்பலும் குறைந்தது எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நகராட்சி சேர்த்தது; அவசரமின்றி நடக்கும் பயணிதான் ஒரு வேளை உணவுக்கு அமர்கிறார், அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார். குறைந்த எண்ணிக்கையும் நீண்ட நேரமும் சேர்ந்தால் வணிகருக்கு இழப்பு நேர வேண்டிய கட்டாயமில்லை.

தரைவழியாகவும் வான்வழியாகவும் வருகிறவர்களின் தொகையும் பெரிது என்பதால் கப்பலை மட்டும் கட்டுப்படுத்துவது போதாது என்பதும் உண்மையே; அதற்காகக் கப்பலை விட்டுவிட வேண்டும் என்பது தவறான முடிவு. விமானத்தில் வருகிறவர் நாள் முழுவதும் சிதறி வருவர். கப்பலில் வருகிறவர் ஒரே கூட்டமாக வருவர். முன்கூட்டியே கப்பலின் பெயரும் நாளும் நேரமும் தெரிந்திருப்பதால், நிர்வாகத்துக்கு மிக எளிதில் எட்டக்கூடியதும் இதுவே.

சட்டம் தேவைப்படுவதற்கு வெளியூர் அனுபவமும் காரணம். வெனிஸில் 2019 ஜூனில் ஒரு பெருங்கப்பல் கட்டுப்பாட்டை இழந்து ஜூதெக்கா கால்வாயில் ஒரு சுற்றுலாப் படகை மோதியது. ஆனாலும் பல ஆண்டுக் கோரிக்கைகளுக்குப் பின், 25,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை அந்தக் கால்வாயிலிருந்து விலக்கும் ஆணை 2021 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. நகராட்சியின் விருப்பத்தோடு நில்லாமல் நாட்டின் அரசே கையெழுத்திட்டதால்தான் அது நிலைத்தது. டுப்ரோவ்னிக்கிலோ, கப்பல் கட்டுவதற்கு இடம் ஒதுக்கும் துறைமுக ஆணையம் அரசு அமைப்பு. தெருவின் நெரிசலைத் தாங்குவது நகராட்சி. இடம் ஒதுக்கும் அதிகாரத்தின் மேலேயே வரம்பு எழுதப்படாவிட்டால், வேறொரு மேயரோ, பற்றாக்குறையான ஓர் ஆண்டோ உடன்பாட்டைத் தளர்த்திவிடக்கூடும்.

இச்சட்டம் டுப்ரோவ்னிக்கோடு நின்றால் அடுத்த ஊருக்குத் துன்பம் நகரும். தென்கிழக்கே மாண்டினீக்ரோவின் கோட்டோர் இருக்கிறது. அதுவும் மதில் சூழ்ந்த, 1979இல் யுனெஸ்கோ ஏற்ற, இன்னும் சிறிய நகரம். குறுகிய வளைகுடாவின் கடைசியில், மலைச்சரிவை ஒட்டி அமைந்தது. டுப்ரோவ்னிக்கில் இடம் கிடைக்காத கப்பல் அங்கே திரும்பினால் அதே நெரிசல் அங்கு உருவாகும். குரோஷியாவும் மாண்டினீக்ரோவும் கப்பல் வருகைகளுக்கான ஒரே அட்டவணையை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னதாகச் சேர்ந்து வகுத்து, இரு நகரங்களின் உச்ச எண்ணிக்கையையும் அதில் கட்டாயமாக்க வேண்டும். பயணி ஒருவருக்கு விதிக்கும் துறைமுகக் கட்டணத்தின் ஒரு பகுதியை, மதிலுக்குள் வாழும் குடும்பங்களின் வீட்டுச் சீரமைப்புக்கும் வாடகை உதவிக்கும் மட்டுமே செலவிடவும் சட்டம் வகுத்துக் கூற வேண்டும்.