வேர் உறிஞ்சிய நஞ்சு எங்கே போகிறது?

இரத்தச்சோகை உள்ளவருக்குக் கீரை கொடுங்கள் என்கிறோம். வீட்டார் மறுநாளே ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கிவிடுகின்றனர். அது எந்த நீரில் வளர்ந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. மருத்துவமனையில் இருக்கும் நாங்களும் கேட்கச் சொல்வதில்லை. அது எங்கள் குறை.

செடிகளைக் கொண்டு மாசகற்றலாம் என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. அது பொய்யன்று. ஆகாயத்தாமரையின் வேர்கள் ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றை நீரிலிருந்து உறிஞ்ச வல்லவை. வெட்டிவேரும் அத்தகையதே. மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சித் தன் இலைகளில் குவித்துவைக்கும் ஒரு பெரணியைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தனர்.

ஆனால், உறிஞ்சுவது வேறு, அழிப்பது வேறு. சாக்கடையின் அழுகற்கழிவை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். உலோகம் சிதையாது, நீரிலிருந்து செடிக்கு இடம் மாறும், அவ்வளவே. அச்செடியை அறுத்துப் பாதுகாப்பாக அகற்றாவிடில், அது அழுகி அதே நீரில் நஞ்சைத் திரும்பக் கலக்கும். மாடு மேய்ந்தாலோ, நஞ்சு அதன் உடலுக்குள் போகும். ஓடையில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடப்பதைத் தூய்மைப்பணி என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

நமக்கு அண்மையிலுள்ள இராணிப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையொன்று ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை அங்கே விட்டுச்சென்றது. நிலத்தடி நீரும் கெட்டது. செடியின் உதவி அதன் வேர் எட்டும் ஆழம் வரைதான். நஞ்சு மிகுந்தால் செடியே பிழைக்காது. அத்தகைய குவியலைச் செடி நட்டு மறக்க முடியாது.

இனிக் கீரைக்கு வருவோம். ஆகாயத்தாமரைக்குள்ள குணம் ஓரளவு கீரைக்கும் உண்டு. கழிவுநீர் பாயும் வாய்க்காலோரம் முளைத்த பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் அந்நீரிலுள்ள உலோகத்தைத் தம் தண்டிலும் இலையிலும் ஏற்றிக்கொள்ளும். கழுவினால் மண் போகும், கிருமி குறையும். இலைக்குள் ஏறிய காட்மியம் கொதிக்கவைத்தாலும் அழியாது. அது மனிதச் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும். சிறுநீரக நோயாளியைப் பார்த்துக்கொள்வோர் இதை மறக்கலாகாது.

கீரையை விட்டுவிட வேண்டாம். நகரிப் பக்கத்திலிருந்து வந்ததோ, உள்ளூர்த் தோட்டத்ததோ, எந்தத் தண்ணீர் பாய்ச்சினீர்கள் என்று கூடைக்கார அம்மாவிடம் கேளுங்கள். தெளிவான விடை இல்லையேல் அன்றைக்குச் சுரைக்காயோ புடலங்காயோ வாங்குங்கள். காய்களில் இவ்வுலோகங்கள் பொதுவாக இலைகளைவிடக் குறைவாகவே சேரும். மாடியில் நல்ல மண் நிரப்பிய இரண்டு தொட்டிகள் இருந்தால் முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும்.