மறுப்பது துரோகம் ஆகாது

"பையன் உண்மையாத்தான் காதலிச்சான். அவதான் ஏமாத்திட்டா." திருத்தணிப் பக்கம் இந்தப் பேச்சு காதில் விழாத டீக்கடை கிடையாது. கொஞ்சம் விசாரித்தால் தெரியும், அந்தப் பெண் அவனுக்கு ஒருநாளும் சம்மதம் சொன்னதில்லை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் இவன் ஏறும் நிறுத்தத்தில் அவளும் ஏறியிருப்பாள், அவ்வளவுதான். கொடுக்காத வாக்கை அவள் மீறிவிட்டாள் என்று ஊரே கூடித் தீர்ப்புச் சொல்கிறது.

இந்தத் தீர்ப்புக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தது சினிமா. 2011 நவம்பரில் வந்த 'வொய் திஸ் கொலவெறி' பாட்டைத் தனுஷ் 'சூப் சாங்' என்று சொல்லித்தான் தொடங்கினார். அன்றிலிருந்து காதலில் தோற்ற பையன்கள் எல்லாம் 'சூப் பாய்ஸ்' ஆனார்கள். அதே மாதம் திரைக்கு வந்த 'மயக்கம் என்ன' படத்தில் ஒரு பாட்டு பெண்ணை அடிக்கவே சொன்னது. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஷேர் ஆட்டோவிலும் இவற்றைப் போட்டு ஆடினோம். பாடுகிறவன் எவ்வளவு உருகுகிறான் என்று பார்த்தோமே தவிர, அவள் என்ன பதில் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வகைப் பாட்டில் அவளுக்குக் குரலே கிடையாது.

இருவர் கை கோத்த பிறகுதான் ஒருவர் உதறினார் என்று பேச முடியும். விசுவாசம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவன் தனக்குள்ளேயே வளர்த்துக்கொண்டது ஆசை. அது எத்தனை வருஷம் நீடித்தாலும் ஆசைதான். அதற்காக அவன் கையைக் கிழித்துக்கொண்டாலும், அவள் கடன்பட்டவள் ஆகிவிட மாட்டாள்.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் உடனே தணிகை மலையைக் காட்டுவார்கள். "முருகனே வள்ளி பின்னாடி சுத்தித்தானே கல்யாணம் பண்ணாரு?" கதையைப் பாதியில் விட்டவர்களின் கேள்வி இது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தை எடுத்துப் பாருங்கள். வள்ளி முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனை மணக்க வேண்டும் என்று தவம் இருந்தவளே அவள்தான். வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் அவன் வந்தது, அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற. விரும்பிக் காத்திருந்தவளைத் தேடி வந்து மணமுடித்து அந்த மலைக்கு அழைத்து வந்த கதையை, வேண்டாம் என்றவளைத் துரத்துவதற்கு உரிமம் ஆக்கிவிட்டோம். முருகன் யானையை விட்டு வள்ளியை மிரட்டிய கட்டம் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் ஜனங்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்து கேட்பது வள்ளியின் தர்க்கத்தைத்தான். சொல்லுக்குச் சொல் எதிர்த்து நிற்கிறாள் அவள். சூப் பாட்டுகளில் அந்த வள்ளி எங்கே போனாள்?

தமிழ் மரபே இப்படித்தான் என்பதும் பொய். ஒருதலைக் காமத்தைத் தொல்காப்பியம் கைக்கிளை என்று தனியே வைத்தது. பனைமடல் குதிரை ஏறித் தன் காதலை ஊரறியச் செய்து நெருக்குவதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் சேர்த்தது. அன்பின் ஐந்திணைக்குள் இரண்டுக்கும் இடம் தரவில்லை. ஒத்த மனம் இரண்டு வேண்டும் என்பது பழைய இலக்கணம்.

சம்மதித்துப் பழகியவள் விலகினால்? வலிக்கும். அந்த வலியைப் பாடலாம், அழலாம். அதற்கு மேல் உரிமை கிடையாது. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதற்காக ஒரு கல்லூரி மாணவியை ஓடி வந்த ரயிலுக்கு முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. கொலைக்குப் பாட்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. "அவ என்ன பண்ணாளோ" என்று செத்தவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு இருக்கிறதே, அதற்குப் பாட்டு பழக்கியிருக்கிறது என்கிறேன்.

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் குற்றம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் குற்றம் என்பதைப் பாட்டு தவம் என்கிறது. நம் வீடுகள் பாட்டின் பக்கம் நிற்கின்றன. ஒருவன் பின்னால் வருகிறான் என்று மகள் சொன்ன மறுநாள் அவள் செல்போன் பறிபோகிறது, அடுத்த மாதம் காலேஜ் நிற்கிறது, அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு எடுக்கிறார்கள். பையன் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. முதலில் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். அவள் நாளைக்கும் அதே பஸ்ஸில் காலேஜுக்குப் போகட்டும்.