புகைகிற பாய்லர் சொல்வது என்ன?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் புளியறையிலும் குளிர் வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகும் காற்று ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்த வட்டாரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். வயலுக்கு அது அமிர்தம். குளிக்கப் போகும் கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் அது நடுக்கம்!

பழைய வீடுகளில் பரணில் கிடக்கும் செம்புப் பாய்லருக்கு அப்போதுதான் மவுசு. இறக்கித் துடைக்கிறார்கள், கரியைப் போட்டுப் பற்ற வைக்கிறார்கள். வீடெல்லாம் புகை! ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் சுடவில்லை. "இனி இது உதவாது, எடைக்குப் போடு" என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

இது அவசரத் தீர்ப்பு. புகை என்பது பாய்லரின் முறையீடு. முறையிட்டவனை விசாரிக்காமல் தண்டிப்பது நியாயமா?

மூன்று விசாரணை

பாய்லரின் அமைப்பு மிக எளிது. நடுவே ஒரு குழல், அதில் நெருப்பு. குழலைச் சுற்றித் தண்ணீர். குழலின் அடியில் கம்பித்தட்டு. அதற்குக் கீழே சாம்பல் விழும் இடம். கீழிருந்து காற்று ஏறினால்தான் நெருப்பு நிற்கும். ஆகவே விசாரணையும் இதே வரிசையில் நடக்க வேண்டும்.

முதலில் காற்று. போன வருஷத்துச் சாம்பல் கம்பித்தட்டை அடைத்திருக்கலாம். குழலுக்குள் கரி அப்பியிருக்கலாம். தட்டிச் சுத்தம் செய்தாலே பாதிப் புகை போய்விடும்.

இரண்டாவது கரி. மழைக்காலத்துக் கரியும் சிரட்டையும் ஈரம் குடித்தவை. ஈரத்தை விரட்டவே பாதி நெருப்பு செலவாகிறது. பிறகு தண்ணீர் எப்படிச் சுடும்?

மூன்றாவது தண்ணீர். பற்ற வைக்காமல் தண்ணீரை மட்டும் நிரப்பி, சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். குழலுக்குள் ஈரம் கசிந்தால் பற்றுவாய் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அது கன்னாரின் வேலை. எடைக்கடைக்காரரின் வேலை அல்ல.

தண்ணீர் இல்லாமல் மட்டும் பற்ற வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் சூழ்ந்திருக்கும் வரை செம்பின் சூடு அந்த அளவுக்குப் போகாது. வறண்ட பாய்லரில் பூச்சும் போகும், பற்றும் போகும்.

சீமையிலும் இதே கதைதான்

குளிர் தேசங்களில் வீடு முழுவதற்கும் ஒரே பாய்லர். அதில் சுடும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய், சுவரோரம் இருக்கும் இரும்புத் தகடுகளைச் சூடாக்குகிறது. பழைய வீடுகளில் அதுவும் மக்கர் செய்யும். அங்கும் கெட்டிக்காரர்கள் முதலில் தொட்டுத்தான் பார்க்கிறார்கள். தகட்டின் மேல்புறம் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கீழ்ப்புறம் குளிர்ந்திருந்தால் துருச் சேறு தங்கியிருக்கிறது. எல்லா அறையும் குளிர்ந்திருந்தால் பாய்லரையோ, தண்ணீரைத் தள்ளும் பம்பையோ கவனிக்க வேண்டும். எந்த இடம் குளிர்கிறது என்பதே வியாதியைச் சொல்லிவிடுகிறது!

வாயை அடைக்காதீர்கள்

"இந்தத் தொல்லையே வேண்டாம், மின்சார கெய்சர் இருக்கிறதே" என்பார்கள் சிலர். இருக்கட்டும். ஆனால் அதுவும் முறையிடும். உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டில் கம்பிச்சுருளில் உப்புப் படிந்து, சூடு ஏறத் தாமதமாகும். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டும். கசிவு மின்சாரத்தால் சுவிட்ச் தானாக விழும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சொட்டுகிற வால்வை அடைக்கிறார்கள். விழுகிற சுவிட்சை நீக்கிவிட்டு நேராக ஒயரைக் கொடுக்கிறார்கள். முதல் காரியம் தொட்டியையே வெடிக்க வைக்கலாம். இரண்டாவது ஆளையே கொன்றுவிடலாம். முறையீட்டை நிறுத்துவது ரிப்பேர் ஆகாது!

முறையிடாத எமன்

புகையாவது கண்ணை எரித்து எச்சரிக்கிறது. எச்சரிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றுப் போதாமல் கரி எரிந்தால் அது உண்டாகும். இரத்தத்தில் பிராணவாயு ஒட்டுவதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், பிறகு நினைவே தப்பும்.

கொரியாவில் தரைக்கு அடியில் அனலைச் செலுத்தி வீட்டைச் சூடாக்கும் பழைய முறைக்கு ஓண்டோல் என்று பெயர். 20-ம் நூற்றாண்டில் அதற்கு நிலக்கரிக் கட்டிகளை எரித்தார்கள். தரையில் விழுந்த சிறு விரிசல் வழியே இந்த வாயு கசிந்து, தூங்கியவர்கள் பலர் எழுந்திருக்கவே இல்லை.

எனவே, நன்றாக எரிகிற பாய்லரையும் மூடிய குளியலறையில் வைக்கக் கூடாது. சாரலுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கரி மூட்டுவது, எமனை அழைத்துத் தாழ்ப்பாள் போடுவதற்குச் சமம். காஸ் கெய்சருக்கும் இதே விதிதான். பாய்லர் தாழ்வாரத்தில் எரியட்டும். வெந்நீர் மட்டும் வாளியில் உள்ளே வரட்டும்.

பழைய பொருள் என்பதால் எறிந்துவிடவும் வேண்டாம். பாட்டி காலத்துப் பொருள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். சாரல் வருமுன் ஒரு நாள் வெயிலில் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும்தான்!