மிஷன் பள்ளி எழுப்பிய கேள்வி

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. பக்கத்திலேயே மிஷன் பள்ளி. பாடமும் கட்டுப்பாடும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அங்கே படித்தால் பிள்ளை நம் சமயத்தை விட்டுவிடுமோ என்பது பெற்றோரின் கவலை. தேவஸ்தானப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் பெற்றோருக்கும் இதே கவலை வரக்கூடும்.

இதற்கு விடை திருப்பதியிலேயே இருக்கிறது. திருத்தணியில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1896-ல் திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1911 முதல் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான் திருத்தணி. பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆக, பள்ளிப் பருவத்திலிருந்து எம்.ஏ. வரை அவர் படித்ததில் பெரும்பகுதி மிஷன் நிறுவனங்களில்தான்.

அவர் மதம் மாறவில்லை. ஆனால் மாறாத மனிதராகவும் வெளியே வரவில்லை. இந்து சமயத்தைப் பற்றிப் பாதிரிமார்கள் சொன்ன குறைகள் அவர் மனத்தைப் புண்படுத்தின. அவர்கள் சொல்வது மெய்தானா என்று நூல்களைப் புரட்டினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே 1908-ல் எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். அதைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் என்பது கவனிக்கத்தக்கது. அந்த வழியே சென்றவர் 1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான முதல் ஸ்பால்டிங் பேராசிரியரானார். காவி கட்டாவிட்டாலும் அவர் செய்தது ஒரு சமயத் தொண்டே.

இதனால், பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துவது நல்லது என்று ஆகிவிடாது. எல்லாப் பிள்ளைகளும் ராதாகிருஷ்ணன் ஆவதில்லை. ஏளனத்தைக் கேட்டுக் கூசி, வாய் மூடிப் போகும் பிள்ளைகளே அதிகம். பிள்ளை கேள்வி கேட்கலாம், பதிலும் சொல்லலாம் என்ற இடம் இருந்தால்தான் சமயக் கல்வி பயன் தரும். ஹாக் போன்ற ஆசிரியர் இருந்ததே அந்த மாணவரின் நல்வாய்ப்பு.

இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. அவர் தலைமையில் 1948-49-ல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, அன்றாட வேலையைச் சில நிமிட மௌன தியானத்துடன் தொடங்கலாம் என்றது; எல்லாச் சமயப் பெரியோர்களின் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லித்தரவும் பரிந்துரைத்தது. அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவும் பெற்றோருக்குத் துணை நிற்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவர்களைச் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவே பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அங்கே ஆசிரியர் பிள்ளையின் கேள்வியை மதிக்கிறாரா என்று விசாரித்தால் போதும். மற்றொன்று வீட்டில் நடக்க வேண்டியது. பள்ளியில் கேட்ட ஒன்றைப் பிள்ளை மாலையில் வந்து கேட்டால், "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டாமல், தெரிந்ததைச் சொல்ல வேண்டும்; தெரியாததைப் பிள்ளையோடு சேர்ந்து தேட வேண்டும். வேலைக் களைப்பில் வீடு திரும்பும் தகப்பனுக்கு இது சிரமந்தான். ஆனால் வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளைதான் வேறிடத்தில் பதில் தேடும். அப்போது பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.