பொய் விலைபோகாது!

இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், 1989 ஏப்ரல் 15-ந் தேதி கால்பந்தாட்டம் பார்க்கச் சென்ற லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் நெரிசலுக்குப் பலியானார்கள். செல்லத்தக்க பாதுகாப்புச் சான்றிதழ்கூட இல்லாத அம்மைதானத்தை அரை இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தது கால்பந்துச் சங்கம். போலீசாரோ பழியை ரசிகர்கள் தலையிலேயே சுமத்தினர். நான்கே நாளில் ‘சன்’ பத்திரிகை, ரசிகர்கள் பலியானவர்களின் ஜேபியில் திருடினார்கள் என்று எழுதிற்று. ‘உண்மை’ என்று தலைப்பும் கொடுத்தது!

லிவர்பூல் மக்கள் அப்பத்திரிகையை வாங்க மறுத்தனர். 2012-ல் அது மன்னிப்புக் கேட்டது. 2016-ல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்: ரசிகர்கள் மீது குற்றமில்லை; மாண்டவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள்.

நீதிக்கு 27 ஆண்டுகள்! டிக்கெட் வாங்கும்போது ரசிகன். நியாயம் கேட்டால் காலியா? சங்க நிர்வாகிகளும் பத்திரிகை முதலாளிகளும் மக்களுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். மக்கள் ஒன்றுபட்டு நின்றால் பொய் விலைபோகாது. லிவர்பூல் தரும் பாடம் இதுவே.