அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போங்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னையோடு மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. எங்கள் தோப்பு வீட்டுக்குக் கரண்ட் திரும்பி வர நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா உலை வைத்ததைப் பார்த்த பிறகுதான், அடுத்த வருஷமே சோலார் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். 160 வாட் பேனல் இரண்டு, 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஒன்று, சுவரில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், பக்கத்தில் இன்வெர்ட்டர். சீட்டு எடுத்த பணம் முழுவதும் அதில்தான் போயிற்று.

மாட்ட வந்த தம்பி நல்ல வேலைக்காரர். பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தார், ஒயரைப் பைப்புக்குள் விட்டு ஒழுங்காக இறக்கினார், சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். கிளம்பும்போது கன்ட்ரோலரைக் காட்டி அம்மாவிடம் சொன்னார்: "இந்தப் பச்சை லைட்டு எரியுற வரைக்கும் ஒண்ணும் கவலை இல்லம்மா."

"அந்த நம்பரு என்னப்பா, ஓடிக்கிட்டே இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"அது வோல்ட்டும்மா. அதெல்லாம் எங்களுக்கு. நீங்க பார்க்க வேண்டாம்."

அந்தப் பதிலில்தான் எனக்கு ஆதங்கம். வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பவர் அம்மா. ஃபேன் போடுவதும் அணைப்பதும் அவர். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றப்போவதும் அவர். அவர் வீட்டுச் சுவரில், அவர் கண் மட்டத்துக்கு நேராக ஒரு எண்ணை மாட்டிவிட்டு, அது உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

பேட்டரி 22 மாதத்தில் செத்தது. கம்பெனியிலிருந்து வந்தவர் மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டுப் பார்த்தார். நிறைந்த டியூபுலர் பேட்டரியில் 1.240 பக்கம் நிற்க வேண்டிய மிதவை, எங்கள் பேட்டரியில் 1.100 அருகில் கிடந்தது. காகிதத்தில் 'ஓவர் டிஸ்சார்ஜ்' என்று எழுதி, வாரன்ட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். "நீங்க மீட்டரைப் பார்த்து யூஸ் பண்ணியிருக்கணும் சார்." பார்க்க வேண்டாம் என்றவர் ஒருவர், பார்த்திருக்க வேண்டும் என்றவர் இன்னொருவர். நடுவில் பதினைந்தாயிரத்துக்கு மேல் போனது எங்களுக்கு.

அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து படித்தேன். படித்தபின் கோபம் கூடியதே தவிர, குறையவில்லை. ஏனென்றால் இது பொறியியல் பட்டம் வேண்டிய சங்கதியே கிடையாது. அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் யாருக்கும் விளங்கிவிடும்.

முதலில் வோல்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியில் 13.4 என்று காட்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பதின்மூன்றுக்கு மேல் காட்டுகிறதே, நிரம்பி வழிகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் பொங்கி வரும் பாலைப் பார்த்து அது எத்தனை படி என்று யாராவது சொல்வோமா? இறக்கி வைத்து, நுரை அடங்கியபின் தெரிவதுதான் அளவு. பேனல் கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் வோல்ட் அப்படித்தான் மேலேறி நிற்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. மோட்டார் ஓடும்போது கிணற்றில் தண்ணீர் இறங்கி நிற்கிறது, நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் ஊறி ஏறுகிறது. மிக்ஸி ஓடும்போது 11.8 என்று காட்டிய பேட்டரி, எல்லாவற்றையும் அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் 12.3-க்கு வந்துவிடும். இரண்டும் ஒரே பேட்டரிதான்.

ஆகவே பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று வோல்ட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு நாளில் ஒரே ஒரு நல்ல நேரம்தான் உண்டு. வெயில் ஏறுமுன், எதுவும் ஓடாமல், அரை மணி நேரமாவது பேட்டரியைச் சும்மா விட்டபின். அப்போது 12.5-க்கு மேல் நின்றால் டியூபுலர் பேட்டரி ஏறக்குறைய நிறைவு. 12.2 பக்கம் என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே போனால் அன்று இரவு ஃபேனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நினைவில் வைக்க மூன்றே எண். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது ஆம்பியர். இதில் பக்கத்துத் தோப்புக்காரர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நல்ல வெயில், உச்சி நேரம். அவர் வீட்டுக் கன்ட்ரோலரில் 1 ஆம்பியர்தான் ஏறுகிறது. பேனல் போய்விட்டது என்று பதறி, ஃபிட்டருக்கு நாலு தடவை போன் போட்டு, வந்து பார்க்க ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார். பேனலுக்கு ஒன்றும் இல்லை. வோல்ட் 14.4-இல் நின்றிருந்தது. பேட்டரி நிரம்பிவிட்டதால் கன்ட்ரோலர் தானாகவே வரத்தைக் குறைத்திருந்தது. வோல்ட் உச்சியில் நின்று ஆம்பியர் இறங்கினால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மணி வெயிலிலும் 13.1 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் பசி தீரவில்லை என்று அர்த்தம். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்த ஃபிட்டர் அதையாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஏதோ பட்டனை அழுத்தி, "சரியாயிடுச்சுண்ணே" என்று சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் பேட்டரி ஏன் செத்தது என்று கணக்குப் போட்டபோது அதுவும் அந்தப் பெட்டியிலேயே எழுதியிருந்தது தெரிந்தது. எங்களிடம் இருப்பது பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். பேனல் 18 வோல்ட்டில் கொடுக்க முடிந்ததை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். அதனால் 320 வாட் என்று வாங்கிய பேனல்களிலிருந்து நடு மத்தியானத்தில் 17 ஆம்பியர் வந்தாலே அதிகம். பெருக்கிப் பார்த்தால் 220 வாட்தான். நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேரக் கணக்கு வைத்தால் 85 ஏ.ஹெச்., அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட். இரவில் நாங்கள் ஓட்டியது பழைய ஃபேன் இரண்டு. ஒன்றுக்கு 75 வாட், எட்டு மணி நேரம். அதுவே 1.2 யூனிட். இன்வெர்ட்டர் தின்பது தனி. ஆக, வரவை விடச் செலவு ஒவ்வொரு நாளும் கூடுதல். முழுசாக நிறைந்த நாளே அந்தப் பேட்டரிக்கு இருந்திருக்காது. நிறையாமலே கிடக்கும் ஈய பேட்டரியில் தகட்டின் மேல் சல்பேட் கெட்டிப்பட்டுப்போகும், அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு மாட்டியிருந்தால் அந்தப் பேட்டரி இன்றும் இருந்திருக்கும்.

போதாக்குறைக்கு, கன்ட்ரோலரில் பேட்டரி வகை ஜெல் என்று கிடந்தது. 14.2-இலேயே நிறுத்திவிடும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே போக வேண்டும். இரண்டு பட்டனை அழுத்தி மாற்றும் வேலை. பெட்டியில் வந்தபடியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி இறங்கினால் கன்ட்ரோலரே துண்டித்துவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது துண்டிப்பது தன் லோடு முனையில் மாட்டியதை மட்டும்தான். அந்த முனையில் ஒன்றும் மாட்டவில்லை, இன்வெர்ட்டரை நேரே பேட்டரியில் மாட்டியிருந்தார்கள். இன்வெர்ட்டர் 10.5 வோல்ட் வரை உறிஞ்சிவிட்டுத்தான் கத்தும். இரவு இரண்டு மணிக்கு அது கீச்சென்று கத்தும்போதெல்லாம் பேட்டரியின் ஆயுளில் ஒரு நாள் குறைந்துகொண்டிருந்தது. நாங்கள் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டோம்.

புதுப் பேட்டரி வாங்கியபோது, இந்தத் தடவை விடக்கூடாது என்று பேட்டரி மானிட்டர் ஒன்றும் சேர்த்து வாங்கினேன். சதவீதத்தையே காட்டும், சின்னப் பிள்ளைக்கும் புரியும் என்று கடையில் சொன்னார்கள். மாட்டி ஒரு வாரம் எந்நேரமும் 100 சதவீதம். ஃபேன் சுற்றாமல் முனகுகிறது, மானிட்டர் மட்டும் 100 என்கிறது. அம்மா என்னைப் பார்த்தார், நான் பேட்டரியைப் பார்த்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் கையிலேயே அகப்பட்டது. மானிட்டரோடு ஷன்ட் என்று ஒரு பித்தளைக் கட்டை வரும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் அது உட்கார வேண்டும். உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் அதுதான் எண்ணிச் சொல்கிறது. தோப்புக்கு ஒரே வாசல், வாசலில் ஒரு காவல்காரர், போகும் தேங்காயையும் வரும் தேங்காயையும் எண்ணுகிறார். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரின் தடித்த கறுப்பு ஒயரை ஷன்ட்டைத் தாண்டி நேரே பேட்டரி முனையிலேயே முறுக்கியிருந்தார்கள். அதாவது பின்பக்கம் வேலியைப் பிரித்து வைத்துவிட்டு, வாசலில் ஆளை உட்காரவைத்திருந்தார்கள். ஏறுவது மட்டும் எண்ணப்பட்டது, இறங்குவது எதுவும் கணக்கில் வரவில்லை. அந்த ஒயரைக் கழற்றி ஷன்ட்டின் மறுபக்கம் மாட்ட எனக்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

அதோடும் முடியவில்லை. பேட்டரியின் கொள்ளளவு மானிட்டரில் 200 என்று இருந்தது. பெட்டியில் வரும்போதே அப்படி. எங்கள் பேட்டரி 150. குடத்தின் அளவே தப்பாக இருந்தால் எத்தனை சொம்பு மீதி என்று சொல்வது எப்படிச் சரியாக இருக்கும்? அதையும் மாற்றினேன். ஐப்பசியில் அடைமழை பிடித்துப் பத்து நாள் வெயில் இல்லாவிட்டால் சதவீதம் மெல்ல மெல்ல விலகிப் போகும், பேட்டரி ஒரு தடவை முழுசாக நிறைந்தால்தான் மானிட்டர் தன் கணக்கை மறுபடி நேர்செய்துகொள்ளும் என்பதையும் அந்த மழையில்தான் தெரிந்துகொண்டேன். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த மானிட்டர் இன்னும் அவசியம். அதன் வோல்ட் பாதியிலும் முக்காலிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் 13.2 பக்கம் நிற்கும், வோல்ட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஊரில் இப்போது 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் கூரைக்குக் கூரை பேனல் ஏறுகிறது. நல்லதுதான். ஆனால் பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, லைனில் கரண்ட் போனால் நடுப்பகல் வெயிலிலும் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் புயல் பார்த்த எங்கள் டெல்டாக்காரர்கள் பேட்டரியும் வேண்டும் என்று கேட்கிறார்கள். இன்னும் எத்தனை வீட்டுச் சுவர்களில் இந்தப் பெட்டி ஏறப்போகிறதோ, அத்தனை வீட்டிலும் "அதெல்லாம் எங்களுக்கு" என்றே சொல்லிக்கொண்டிருக்கப்போகிறார்களா?

கூட வரும் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில். திரையில் வரும் கழித்தல் குறியைக்கூட யாரும் விளக்குவதில்லை. ஒயரைச் சரியாக மாட்டிய முதல் நாள் இரவு -6.2 என்று பார்த்துவிட்டு, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அம்மா எல்லா விளக்கையும் அணைத்து இருட்டில் உட்கார்ந்திருந்தார். கழித்தல் என்றால் பேட்டரியிலிருந்து எடுக்கிறோம், கூட்டல் என்றால் பேட்டரிக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்று பயந்திருக்க மாட்டார்.

இப்போது அம்மாவுக்கு எல்லாம் தெரியும். விடியுமுன் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடுவார், பால் வாங்கி வைப்பார், பிறகு வந்து பெட்டியைப் பார்ப்பார். தினசரிக் காலண்டரின் அன்றைய தாளில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எண்ணை எழுதுவார். 12.4. 12.5. மழை நாளில் 12.1. அன்று மாலை, "ஒரு ஃபேன் போதும், எல்லாரும் கூடத்துலயே படுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். எழுபத்தொரு வயசு. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்குப் புரியாது என்றுதான் அந்தத் தம்பி அன்று சொல்லாமல் போனார். இந்தப் பேட்டரி நாலாம் வருஷத்தில் நடக்கிறது.

சோலார் மாட்டும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏணியை வண்டியில் கட்டுமுன் அரை மணி நேரம் கூடுதலாக இருங்கள். அந்த வீட்டில் பகல் முழுக்க இருப்பவர் யாரோ, அவரைக் கூப்பிட்டுப் பெட்டிமுன் நிறுத்துங்கள். காலையில் எந்த எண், நிறைந்தால் எந்த எண், எதற்குக் கீழே போகக்கூடாது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். வாங்குகிறவர்களும், அந்தத் தாள் சுவரில் ஏறும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.